'பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் பிளேஸ்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம் என்று ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் பல தொடர்கள் உண்டு. இன்று செய்தித் தலைப்புகளிலும் பேச்சிலும் அதிகம் அடிபடுவது இந்தப் பாறைத் தொடர்தான். இதன் பிறப்பைப் பற்றி இணையத்தில் ஒரே கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: அமெரிக்கச் சுரங்க ஊர் ஒன்று, 1917, வேலைநிறுத்தம். அந்தச் சம்பவம் உண்மையாகவே நடந்தது. தொடர் அதிலிருந்துதான் பிறந்தது என்பதற்கு மட்டும் சான்று இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்வதற்காகவே இந்தப் பக்கத்தில் சில பதில்கள் நீண்டுவிட்டன.

இந்தத் தொடருக்கு என்ன பொருள்?

சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஒரு பாறைக்கும் ஒரு கடினமான இடத்துக்கும் நடுவே'. வழக்கில் இதைச் சொல்ல மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும். எதிரே இருப்பவை இரண்டே வழிகள், இரண்டுமே கெட்டவை, சும்மா இருக்கவும் முடியாது, ஒன்றில் இறங்கியே ஆக வேண்டும்.

படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டால் மருந்துக்குப் பணம் இல்லை. வேலைக்குப் போனால் அம்மாவின் பக்கத்தில் இருக்க ஆள் இல்லை. இந்த நிலையில் இருக்கும் மகளைப் பற்றிச் சொல்ல இந்தத் தொடர் கச்சிதமாகப் பொருந்தும். வெறும் 'கஷ்டம்' என்று சொல்வதற்கு இது வேண்டியதில்லை. பணக்கஷ்டம் ஒரு பாறைதான். மறுபக்கம் இன்னொன்று நெருக்கினால்தான் தொடர் முழுமையாகும்.

பாறை சரி, 'கடினமான இடம்' எது?

எதுவும் இல்லை. நான் பார்த்தவரை இந்தத் தொடரின் பலமே அதுதான். 'ஹார்ட் பிளேஸ்' என்று குறிப்பாக ஓர் இடமோ பொருளோ கிடையாது. முதலில் பாறை என்று கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்லிவிட்டு, அடுத்ததை 'அதுவும் அதே மாதிரி கெட்டியான ஏதோ ஒன்று' என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் கல், மறுபக்கமும் கல் என்ற உணர்வு கேட்பவருக்கு உடனே வந்துவிடுகிறது. பழைய ஐரோப்பியத் தொடர்களில் ராட்சசி, நீர்ச்சுழல், பிசாசு, கடல் என்று இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். இதில் கதாபாத்திரமே இல்லை. வேலை செய்து பிழைக்கிறவர்களின் வாயிலிருந்து வந்த பேச்சு என்பது அதன் வெறுமையிலேயே தெரிகிறது.

எழுத்தில் முதலில் எங்கே பதிவானது?

அகராதிகள் காட்டும் பழைய பதிவு 1921ஆம் ஆண்டுக்குரியது. அமெரிக்க வட்டார வழக்குக் கழகம் 1889இல் தொடங்கப்பட்டது. நாட்டின் மூலை முடுக்குகளில் மக்கள் பேசும் சொற்களைச் சேகரிப்பது அதன் வேலை. அவற்றை 'டயலக்ட் நோட்ஸ்' என்ற இதழில் அச்சிட்டார்கள். அந்த இதழின் ஐந்தாம் தொகுதியில் இந்தத் தொடர் இரண்டு வரிக் குறிப்பாக வருகிறது. அது சொல்வதன் சாரம் இதுதான்: திவாலாகிப் போவது என்று பொருள், அண்மைக்காலப் 'பேனிக்'குகளின்போது அரிசோனாவில் பரவலாக வழங்கியது, கலிபோர்னியாவில் ஆங்காங்கே கேட்கலாம்.

குறிப்பு சிறியது, ஆனால் அதில் இருக்கிற செய்தி நிறைய. முதலாவது, அன்றைய பொருள் இன்றைய பொருள் இல்லை. அப்போது அது கையில் காசில்லாமல் ஒடிந்து போவதைக் குறித்தது. 'இரண்டு கெட்ட வழிகளுக்கு நடுவே' என்பது பிறகு விரிந்த பொருள். இரண்டாவது, சேகரித்தவர் அதை 'பரவலாக வழங்கியது' என்கிறார். அப்படியானால் 1921க்குச் சில ஆண்டுகள் முன்பே அது மக்கள் வாயில் இருந்திருக்க வேண்டும். மூன்றாவது, இடத்தைத் தெளிவாகச் சொல்கிறார்: அரிசோனா.

'பேனிக்' என்றால் பயம்தானே? அதற்கும் திவாலுக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக்கால அமெரிக்காவில் 'பேனிக்' என்றால் நிதி நெருக்கடி. வங்கி வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்று போட்ட பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். வங்கி கையை விரிக்கும். அப்புறம் கடன் உறையும், கம்பெனிகள் மூடும், வேலை போகும். 1873, 1893, 1907 என்று வரிசையாக இப்படி நடந்தது.

இதில் 1907ஆம் ஆண்டு நெருக்கடியை நம் தொடருக்காகக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது செம்பிலிருந்து தொடங்கியது. அந்த அக்டோபரில் ஹைன்ஸி சகோதரர்கள் 'யுனைட்டட் காப்பர்' என்ற செம்புக் கம்பெனியின் பங்குகளை மொத்தமாக வளைத்துப்போட முயன்றார்கள். ஏறத்தாழ 60 டாலரைத் தொட்ட பங்கு, ஓரிரு நாட்களில் 10 டாலருக்கு விழுந்தது. அவர்களோடு தொடர்புடைய வங்கிகளின் மேல் சந்தேகம் பரவியது. அக்டோபர் 22ஆம் தேதி நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் என்ற நிதி நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. பணப்புழக்கம் வற்றிப்போய், நாட்டின் பல பகுதிகளில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தை நோட்டாகக் கொடுக்க முடியாமல் சீட்டாகக் கொடுத்தார்கள். செம்பின் விலையும் அந்த ஒரே ஆண்டுக்குள் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

அரிசோனாவின் வாழ்வே செம்புதான். நியூயார்க்கில் பங்கு விழுந்தால் அரிசோனாவில் சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கு அனுப்பப்படுவார். முதல் உலகப் போர் முடிந்தபின் 1920–21இல் செம்பு விலை மறுபடியும் சரிந்து, அங்கிருந்த பெரிய சுரங்கங்கள் பல 1921இல் மூடிக்கிடந்தன. குறிப்பில் 'பேனிக்குகள்' என்று பன்மையில் இருப்பதற்கு இந்தப் பின்னணி இயல்பாகப் பொருந்துகிறது. கல்லை உடைத்துப் பிழைக்கிற ஊரில் காசில்லாமல் போனவர், 'பாறைக்கும் கடினமான இடத்துக்கும் நடுவே இருக்கிறேன்' என்று சொல்வதற்கு யாரும் விளக்கம் தர வேண்டியிருக்காது.

பிஸ்பீ சுரங்கத் தொழிலாளர்களிடமிருந்துதான் இது வந்தது என்கிறார்களே?

ஆங்கிலத் தொடர்களின் பிறப்பைச் சொல்லும் பல பக்கங்களில் இந்த விளக்கம்தான் இருக்கும். மெக்சிகோ எல்லைக்கு மிக அருகே, அரிசோனாவின் மியூல் மலைகளுக்கு நடுவே உள்ள ஊர் பிஸ்பீ. 1917இல் அங்கிருந்த செம்புச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை நிலைமையை மேம்படுத்தச் சொல்லிக் கேட்டார்கள், நிர்வாகம் மறுத்தது, பலர் ஊரைவிட்டே விரட்டப்பட்டார்கள். ஒரு பக்கம் குறைந்த கூலிக்குப் பாறை உடைக்கும் வேலை, மறுபக்கம் வேலையின்மையும் வறுமையும். இதுவே 'பாறையும் கடினமான இடமும்' என்பது அந்த விளக்கம்.

கேட்க மிகப் பொருத்தமாக இருக்கிறது. சான்று எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அங்கே நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். ஒரு சொற்றொடருக்கு அடிக்குறிப்பாக இரண்டு வரியில் சுருக்கிவிடக்கூடிய சம்பவம் இல்லை அது.

1917இல் பிஸ்பீயில் உண்மையில் என்ன நடந்தது?

அமெரிக்கா 1917 ஏப்ரலில் முதல் உலகப் போரில் இறங்கியது. தோட்டாவுக்கும் மின்கம்பிக்கும் செம்பு வேண்டும். விலை ஏறியது, கம்பெனிகளுக்கு லாபம் கொட்டியது. பிஸ்பீயில் மூன்று கம்பெனிகள் இருந்தன. பெரியது 'ஃபெல்ப்ஸ் டாட்ஜ்'. ஊரின் மருத்துவமனை, பெரிய கடை, செய்தித்தாள் எல்லாவற்றிலும் அதன் கை இருந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள்: மெக்சிகோக்காரர்கள், செர்பியர்கள், குரோவாசியர்கள், ஃபின்லாந்துக்காரர்கள், இன்னும் பலர். மெக்சிகோக்காரர்களுக்குக் கூலியும் குறைவு; நல்ல கூலி கிடைக்கும் நிலத்தடி வேலை அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

'உலகத் தொழில் தொழிலாளர்கள்' என்ற சங்கம் 1905இல் சிகாகோவில் தொடங்கப்பட்டது. அதன் ஆட்களை 'வாப்ளீஸ்' என்பார்கள். அந்தச் சங்கத்தின் பிஸ்பீ கிளை ஜூன் மாதம் கம்பெனிகளிடம் கோரிக்கைகளை வைத்தது. படித்துப் பார்த்தால் அவை எவ்வளவு சாதாரணமானவை என்று தெரியும். துளையிடும் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வேண்டும். ஷிஃப்ட் நடக்கும்போது வெடி வைக்கக் கூடாது. வேலை முடிந்து வரும் ஆட்களின் உடம்பைச் சோதிப்பதை நிறுத்த வேண்டும். சங்கத்தில் இருப்பவர்களை ஒதுக்கக் கூடாது. செம்பு விலையோடு ஏறி இறங்கும் கூலிக்குப் பதிலாக, நிலத்துக்கு அடியில் வேலை செய்பவருக்கு நாளுக்கு 6 டாலர் என்று நிலையான கூலி வேண்டும். கம்பெனிகள் எதற்கும் இசையவில்லை. ஜூன் கடைசி வாரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் அதில் சேர்ந்தார்கள்.

அந்த வட்டாரத்தின் காவல் தலைவரான ஷெரிஃப் ஹாரி வீலர் கலவரம் வரப்போகிறது என்று சொல்லி ராணுவத்தைக் கேட்டார். பார்க்க வந்த ராணுவ அதிகாரியோ, ஊர் அமைதியாக இருக்கிறது, படை தேவையில்லை என்றார். வீலர் அதோடு விடவில்லை. கம்பெனி நிர்வாகிகளோடு சேர்ந்து ஏறத்தாழ 2,000 பேரைத் துணைக் காவலர்களாக நியமித்தார். ஜூலை 12ஆம் தேதி விடியற்காலையில், கையில் வெள்ளைத் துணி கட்டிய ஆட்கள் துப்பாக்கிகளோடு வீடு வீடாகப் போனார்கள். பெண்களும் குழந்தைகளும் தெருவுக்கு வர வேண்டாம் என்று அன்றைய உள்ளூர்ச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் அறிவிப்பு. வேலைநிறுத்தக்காரர்களோடு, அவர்களுக்கு அனுதாபம் காட்டிய கடைக்காரர்களையும் கைது செய்தார்கள். ஜேம்ஸ் புரூ என்ற தொழிலாளி தன்னைப் பிடிக்க வந்தவர்களைச் சுட்டார். ஆர்சன் மெக்ரே என்ற துணைக் காவலர் இறந்தார். அடுத்த கணமே புரூவும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிடித்தவர்களை இரண்டு மைல் நடத்தி, வாரன் என்ற இடத்திலிருந்த பேஸ்பால் மைதானத்தில் அடைத்தார்கள். இயந்திரத் துப்பாக்கி அவர்களை நோக்கி நின்றது. வேலைக்குத் திரும்பச் சம்மதித்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். சிலர் சம்மதித்தார்கள். மீதி 1,186 பேரை மாடுகளை ஏற்றும் 23 ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். அந்த ரயில் பாதையும் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் கைவசம் இருந்ததுதான். பெட்டிகளின் தரையில் சாணம், வெளியே பாலைவனத்தின் ஜூலை வெயில், குடிக்கத் தண்ணீர் மிகக் குறைவு. நியூ மெக்சிகோவின் கொலம்பஸ் ஊர் அவர்களை இறக்க அனுமதிக்கவில்லை. கடைசியில் எர்மானஸ் என்ற சிறு ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். மொத்தம் 16 மணி நேரப் பயணம், சுமார் 200 மைல். திரும்பி வந்தால் உயிர் இருக்காது என்ற எச்சரிக்கையும் சேர்த்து. இந்தச் செய்தி வெளியே போகாதபடி தந்தி அலுவலகத்தையும் தொலைபேசியையும் முன்பே கைப்பற்றியிருந்தார்கள்.

பிறகு ராணுவம் அவர்களைக் கொலம்பஸுக்கு அழைத்துப்போய்க் கூடார முகாமில் தங்கவைத்துச் சோறு போட்டது. செப்டம்பர் வரை அங்கே இருந்தார்கள். அவர்களில் பலருக்கு பிஸ்பீயில் வீடு இருந்தது, மனைவி மக்கள் இருந்தார்கள். ஊர் எல்லையில் ஆயுதம் தாங்கிய காவல். உள்ளே வர சீட்டு வேண்டும்.

இதற்கு யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

யாரும் இல்லை. அதிபர் உட்ரோ வில்சன் அமைத்த சமரச ஆணையம் 1917 நவம்பரில் அறிக்கை தந்தது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஃபீலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர் அப்போது அதன் வழக்கறிஞர். இந்த வெளியேற்றம் முழுக்கச் சட்டவிரோதமானது, மாநிலச் சட்டத்திலும் கூட்டாட்சிச் சட்டத்திலும் இதற்கு இடமே இல்லை என்று ஆணையம் தெளிவாகச் சொன்னது. 1918இல் வீலர், கம்பெனி நிர்வாகிகள் உள்ளிட்ட 21 பேர் மேல் கூட்டாட்சி வழக்கு போடப்பட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1920 டிசம்பரில் 8க்கு 1 என்ற கணக்கில் விழுந்தது. தனிமனிதர்கள் செய்த இந்தக் காரியத்தைத் தண்டிக்கும் அதிகாரம் மாநிலத்துக்குத்தான் உண்டு, மைய அரசுக்கு இல்லை என்பது தீர்ப்பு. மாநிலமோ ஒரே ஒருவரை மட்டும் விசாரணைக்குக் கொண்டுவந்தது. ஊருக்கு ஆபத்து என்று நம்பிச் செய்தார், அவசியத்தால் செய்தார் என்ற வாதத்தை ஏற்று ஜூரி அவரை விடுதலை செய்தது.

மைய அரசிடம் போனால் மாநிலத்தைக் கேள் என்கிறார்கள், மாநிலத்தில் கேட்டால் குற்றமே இல்லை என்கிறார்கள். வெளியேற்றப்பட்டவர்களின் நிலையைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நூறாண்டு ஆனாலும் ஆறாத அநியாயம் இது.

சரி, அப்படியானால் தொடர் பிஸ்பீயிலிருந்து வந்ததா, இல்லையா?

நிரூபிக்கப்படவில்லை. பிஸ்பீ சம்பவத்தையும் இந்தத் தொடரையும் சேர்த்துச் சொல்லும் அந்தக்காலப் பதிவு எதையும் அகராதிகள் காட்டவில்லை. அரிசோனா என்ற இடம் பொருந்துகிறது, காலமும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது, பாறை என்ற சொல்லும் சுரங்கத்தை நினைவூட்டுகிறது. இந்த மூன்றையும் கோத்துப் பிற்காலத்தவர் ஊகித்ததே பிஸ்பீ விளக்கம்.

எதிராக நிற்பது அந்த 1921ஆம் ஆண்டுக் குறிப்பே. அது பொருளாகச் சொல்வது திவால். காலமாகச் சொல்வது நிதி நெருக்கடி. வேலைநிறுத்தம், வெளியேற்றம், கூலி எதுவும் அதில் இல்லை. பிஸ்பீயில் நடந்தது செம்புக்கு நல்ல விலை இருந்த காலத்தில். நெருக்கடி என்பது அதற்கு நேர்மாறான காலம். இருப்பதில் பழைய சான்று எதுவோ அதன் பக்கம் நிற்பதுதான் முறை. எனவே 'அரிசோனாவில், பணமுடை காலத்தில் பரவிய வட்டாரப் பேச்சு' என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். குறிப்பிட்ட ஒரு நாளையும் ஊரையும் காட்டிப் பிறப்புச் சான்றிதழ் எழுத முடியாது.

ஹோமர் காவியத்திலிருந்து வந்தது என்றும் படித்தேன்...

கருத்து அங்கே இருக்கிறது, சொற்கள் இல்லை. ஹோமரின் கிரேக்கக் காவியமான 'ஒடிசி'யின் பன்னிரண்டாம் பகுதியில் அதன் நாயகன் ஒடிசியஸ் ஒரு குறுகலான கடல்வழியைக் கடக்க வேண்டும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறைக் குகையில் ஆறு தலை ராட்சசி ஸ்கில்லா. மறுபக்கம் கடல்நீரையே உறிஞ்சிக் கக்கும் சுழல் காரிப்டிஸ். சுழலில் மாட்டினால் கப்பலே போய்விடும், ஸ்கில்லா பக்கம் போனால் ஆறு பேர்தான் போவார்கள், அதனால் அவள் பக்கமே போ என்று மாயக்காரி சர்சி முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். அவனும் அப்படியே போகிறான். ஆறு பேரை அவள் பிடித்துத் தின்பதைக் கண்ணால் பார்க்கிறான்.

இந்தக் கதையை இத்தாலிக்கும் சிசிலிக்கும் இடையேயுள்ள மெசினா நீரிணையோடு சேர்த்துச் சொல்வது பழைய மரபு. அங்கே கலாப்ரியா கரையில் சிலா என்ற ஊர் இன்றும் இருக்கிறது. நீரிணையில் சிறு சுழல்களும் உண்டு. 'ஸ்கில்லாவுக்கும் காரிப்டிஸுக்கும் நடுவே' என்ற தொடர் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் புழங்குகிறது. ஸ்கில்லா இருந்தது பாறையில் என்பதால் 'ராக்' அங்கிருந்து வந்தது என்கிறார்கள். ஆனால் சுழித்தோடும் தண்ணீரை யாரும் 'கடினமான இடம்' என்று சொல்ல மாட்டார்கள். நம் தொடர் இரண்டு பக்கமும் கெட்டியான ஒன்றைச் சொல்கிறது. இரண்டும் ஒரே அனுபவத்திலிருந்து தனித்தனியாகப் பிறந்தவை என்றே நினைக்கிறேன்.

'பிட்வீன் தி டெவில் அண்ட் தி டீப் ப்ளூ சீ' என்பதும் இதுதானா?

பொருள் ஒன்றுதான், வயது அதிகம். ராபர்ட் மன்றோ என்ற ஸ்காட்லாந்துப் படைவீரர் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரில் சுவீடன் தரப்பில் சண்டையிட்டார். 1637இல் அச்சான அவருடைய போர்க்குறிப்புகளில், எதிரியின் குண்டுக்கும் சொந்தத் தரப்புக் குண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டதை 'பிசாசுக்கும் ஆழ்கடலுக்கும் நடுவே' என்று எழுதுகிறார். 'நீல' என்ற அடைமொழி பின்னால் ஒட்டிக்கொண்டது.

இதற்கும் ஒரு பிரபலமான விளக்கம் உண்டு. மரக்கப்பலில் பலகைகள் சேரும் ஒரு நீண்ட பொருத்துக்கு மாலுமிகள் 'டெவில்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். அதை அடைக்கத் தொங்குபவர் அதற்கும் கடலுக்கும் நடுவே இருப்பாராம். ஆனால் அந்தப் பொருளில் அச்சொல் பதிவாவது மன்றோவுக்கு வெகுகாலம் பின்னால். பிசாசு என்றால் பிசாசுதான் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

மலையேறி ஒருவர் பாறையில் கை மாட்டிக்கொண்ட கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பிறப்போடு தொடர்பு இல்லை, புகழோடு உண்டு. 2003 ஏப்ரல் 26ஆம் தேதி யூட்டா மாநிலத்தின் புளூஜான் பள்ளத்தாக்கில் தனியாகப் போன ஆரன் ரால்ஸ்டனின் வலது கை, நழுவிய பாறைக்கும் பள்ளத்தாக்குச் சுவருக்கும் நடுவே நசுங்கிச் சிக்கியது. ஐந்து நாட்களுக்குப் பிறகு முன்கையைத் தானே வெட்டி எடுத்துத் தப்பினார். அடுத்த ஆண்டு எழுதிய நூலுக்கு இந்தத் தொடரையே தலைப்பாக வைத்தார். கையை இழப்பதா, உயிரை இழப்பதா என்று நின்றவருக்கு வேறு தலைப்பு எதற்கு? 2010இல் வந்த '127 ஹவர்ஸ்' திரைப்படம் இவர் கதைதான்.

'கேட்ச்-22', 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்', 'மார்ட்டன்ஸ் ஃபோர்க்' எல்லாம் ஒன்றுதானே?

ஒன்று போலத் தெரியும். கலந்து பயன்படுத்தினால் தவறாகிவிடும்.

'கேட்ச்-22' என்பது விதியே தன்னைத்தானே பூட்டிக்கொள்வது. ஜோசப் ஹெல்லர் 1961இல் வெளியிட்ட நாவலின் பெயர் அது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் 60 முறை பறந்தவர் அவர். நாவலில் வரும் விதி இதுதான்: பைத்தியம் பிடித்தவரை விமானத்தில் அனுப்பக் கூடாது, ஆனால் அவரே வந்து கேட்க வேண்டும், உயிர் பயத்தால் 'என்னை அனுப்பாதீர்கள்' என்று கேட்பவர் நல்ல மனநிலையில் இருக்கிறார், ஆகவே பறக்க வேண்டும். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அனுபவம் என்பது இந்த வகை. முதலில் அதற்கு 'கேட்ச்-18' என்றுதான் பெயர். லியான் யூரிஸின் 'மிலா 18' என்ற நாவல் அதே ஆண்டில் வரவிருந்ததால் எண்ணை மாற்றினார்கள். எண்ணுக்கு வேறு பொருள் எதுவும் தேட வேண்டாம்.

ஹாப்சன் கதையில் தேர்வே கிடையாது. கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன் 1631இல் இறந்தார். லாயத்து வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரையைத்தான் கொடுப்பார். வேண்டாம் என்றால் நடந்து போகலாம். நல்ல குதிரைகளையே எல்லோரும் கேட்டு ஓட்டிக் களைக்கச் செய்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த முறை.

மார்ட்டனின் கவை முள் வரி வசூல் சம்பந்தப்பட்டது. ஏழாம் ஹென்றி அரசரின் அமைச்சர், பேராயர் ஜான் மார்ட்டன் சொன்னதாக வழங்குவது: ஆடம்பரமாக வாழ்பவரிடம் பணம் இருப்பது தெரிகிறது, கொடுக்கட்டும், சிக்கனமாக வாழ்பவர் சேர்த்து வைத்திருப்பார், அவரும் கொடுக்கட்டும். இரண்டு வாதமும் ஒரே முடிவில் குத்துவதுதான் இதன் தனித்தன்மை. நம் பாறைத் தொடரில் இரண்டு வழிகளும் வெவ்வேறு இழப்புகளுக்குப் போகின்றன.

பயன்படுத்தும்போது என்ன கவனிக்க வேண்டும்?

'ராக்', 'ஹார்ட் பிளேஸ்' இரண்டுக்கும் முன்னால் 'எ' வரும். 'தி' போட்டால் காதுக்கு இடறும். 'டெவில்' தொடரில் நேர்மாறாக இரண்டுக்கும் 'தி'. முன்னால் 'காட்', 'ஸ்டக்' போன்ற சிக்கிக்கொண்டதைச் சொல்லும் வினைகள் இயல்பாகச் சேரும். பேச்சு, செய்தி, அலுவலக மின்னஞ்சல் எல்லாவற்றிலும் ஏற்கத்தக்கது; ஆய்வுக் கட்டுரையில் தவிர்ப்பது நல்லது.

இரண்டு நல்ல வேலைகளில் எதைச் சேர்வது என்ற குழப்பத்துக்கு இதைச் சொல்லாதீர்கள். அதோடு, உண்மையில் நொந்துபோய் நிற்பவரிடம் நேராகச் சொல்வதைவிட, அவர் நிலையைப் புரிந்துகொண்டு மூன்றாமவரிடம் விளக்கவே இது அதிகம் பயன்படுகிறது.

தமிழில் எழுதும்போது எதைப் போடலாம்?

பெரும்பாலான இடங்களில் 'இருதலைக் கொள்ளி எறும்பு' சரியாக உட்காரும். இரண்டு முனையிலும் தீப்பற்றிய கட்டையின் நடுவே எறும்பு. அகநானூற்றின் 339ஆம் பாட்டிலேயே இந்த எறும்பு 'உறவி' என்ற பெயரில் வருகிறது: பொருள் தேடப் புறப்பட்டவன் முன்னே போகவும் முடியாமல், காதலியிடம் திரும்பவும் முடியாமல் தன்னை அதற்கு ஒப்பிட்டுக்கொள்கிறான். திருவாசகத்திலும் உண்டு. இரண்டு தரப்பினர் மாறி மாறிக் குறை சொல்லும்போது 'மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி' இன்னும் பொருத்தம். மனைவிக்கும் அம்மாவுக்கும் நடுவே நிற்பவர், மேலதிகாரிக்கும் தொழிலாளருக்கும் நடுவே நிற்கும் மேற்பார்வையாளர் எல்லாரும் மத்தளம்தான். 'மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை' என்பது வெளியே சொல்ல முடியாத சங்கடத்துக்கு. மொழிபெயர்ப்பவர் 'பாறைக்கும் கடின இடத்துக்கும்' என்று அப்படியே எழுதினால் தமிழில் அது ஏதோ நிலவியல் வருணனை போலாகிவிடும்.